நாமன்னா யாரு?

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான் நெட்டை.

"எதுக்கு?" என்றாள் பொத்தான்.

"எதுக்குன்னா... ஆசையா இருக்கு."

"யாரைப் பண்ணிக்கணும்?"

"என்னை."

"சரி. நான் உன்னைப் பண்ணிக்கிறேன். நீ யாரைப் பண்ணிக்குவ?"

நெட்டைக்கு எப்போதுமே வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இந்தக் கேள்விக்கு மொத்தமாகவே அடைத்துக்கொண்டது. கையிலிருந்த படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "உன்னைத்தான்," என்றான்.

"நீ 'நாம'ன்னுதானே சொன்ன? நாமன்னா நான் மட்டும்தானே?"

"யார்... சொன்னா?"

"எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"தப்பு," என்றான் நெட்டை. அதை விளக்க ஒரு கை வேண்டியிருந்ததால் விரிப்பின் ஒரு முனையை விட்டுவிட்டு அவளைக் காட்டினான். தன்னைக் காட்ட இன்னொரு முனையையும் விட்டான். "நாமன்னா நீயும் நானும்."

தோய்த்துத் தேய்த்த வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்: "கதையை அப்புறம் வச்சுக்கோங்க! முதல்ல அதைத் தூக்குங்க!"

இந்தப் பேச்சு நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்று மாலையே பொத்தான் "சரி" என்று சொல்லிவிட்டாள். தன் அண்ணனிடமும், தான் தங்கியிருக்கும் வீட்டை நடத்தும் மேடத்திடமும் கேட்கும் பொறுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது. "நீ கேளு. எனக்கு சிக்கிக்கும்," என்று நெட்டை கழன்றுகொண்டான். அவளுக்கு வார்த்தை சிக்குவதில்லை. அவளை யாரும் வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை, அவ்வளவுதான்.

இருவரும் வேலை பார்ப்பது ஹோட்டல்களின் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை நிலையத்தில். துண்டை ஒருவரே மடித்துவிடலாம். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கையோடு கை வைத்து முனைகளை மாற்றிக்கொண்டு, மறுபடி விலகி, மறுபடி நெருங்க வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை நெருங்கினார்கள் என்று கணக்கே கிடையாது. அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தால் அது அவள் நெற்றிக்கு நேராக வரும். அதனால் அவர்கள் மடித்த விரிப்பெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். சூப்பர்வைசர் ஒருமுறை இருவரையும் பிரித்து வேறு ஆட்களோடு போட்டுப் பார்த்தார். மடிப்பு நேராக வந்தது. ஆனால் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. "கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்," என்று பழையபடியே சேர்த்துவிட்டார்.

பொத்தான் என்பது அண்ணன் வைத்த செல்லப் பெயர். உருண்டை முகம், நடுவில் இரண்டு குட்டிக் கண். "சட்டைப் பொத்தான் மாதிரியே இருக்கா," என்று அவன் சிறுவனாக இருந்தபோது சொன்னது, அவள் முப்பத்தைந்தைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதையும் புரிந்துகொள்ள அவளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். அடுப்பை மறந்துவிடுவாள். மாத்திரையை நினைவுபடுத்த வேண்டும். அப்பா அம்மா போன பிறகு, இப்படிப்பட்டவர்கள் உதவியாளர்களின் துணையோடு தங்கும் ஒரு வீட்டில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. தெருத் திருப்பத்தில் பச்சை கேட் போட்ட வீடு. அங்கே அவளோடு இன்னும் மூன்று பெண்கள். அதில் ஒருத்தி ரேடியோ. பேச்சை அணைக்க முடியாதவள் என்பதால் அந்தப் பெயர்.

அந்த வீட்டை நடத்தும் மேடம் தங்கமான மனுஷி. யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்கே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருடைய அன்புக்கு எப்போதும் அவசரம். காலையில் கதவை ஒரு தட்டு. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கட்டிலருகே நிற்பார். "நாம எழுந்தாச்சா? நாம பல் தேய்ச்சாச்சா? நாம ஏன் இன்னைக்கு உம்முன்னு இருக்கோம்?"

வந்த புதிதில் பொத்தான் இந்த 'நாம'வை அப்படியே நம்பினாள். "நாம குளிச்சிடலாமா?" என்று மேடம் கேட்டபோது இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "நாம மாத்திரை போட்டுக்கலாமா?" என்றபோது மாத்திரையை உடைத்து, பெரிய பாதியை மேடத்துக்கு நீட்டினாள். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பொத்தானும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஒரு முடிவுக்கு வந்தாள். நாம என்றால் எதிரில் நிற்கிற ஆள். அதற்குப் பிறகு அண்ணனோடு போனில் பேசும்போது அவளும் அதே பாஷைதான். "அண்ணா, நாம சாப்பிட்டாச்சா? நாம இன்னும் முடி வெட்டிக்கலையா?" அண்ணனுக்கும் அது பழகிப்போயிற்று.

கல்யாண விஷயத்தை மேடத்திடம் சொல்ல அவள் பாடுபடாமல் இல்லை. முதல் தடவை, மேடம் காய் நறுக்கும்போது போய் நின்றாள்.

"மேடம், எனக்கு நெட்டை வேணும்."

சலவை நிலையத்துப் பட்டப்பெயர் மேடத்துக்கு எப்படித் தெரியும்? "இதுக்கா கண்ணு கவலைப்படறே! குட்டையா இருந்தாத்தான் அழகு," என்று கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளியதோடு நிற்காமல், சாயங்காலமே கடைக்குப் போய் அடி தடித்த செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு பொத்தான் தத்தித் தத்தி நடந்ததைப் பார்த்து, "கப்பல் வருது, ஒதுங்குங்க!" என்று ரேடியோ வீடு முழுக்க ஒலிபரப்பினாள்.

இரண்டாம் தடவை வேறு பக்கமாக வந்து பார்த்தாள்.

"மேடம், என் கட்டில் பத்தாது. ரெண்டு பேர் படுக்கிற மாதிரி..."

"ஐயோ, கீழ விழுந்துட்டியா? எங்க அடிபட்டது? காட்டு!"

மறுநாள் ஆள் வந்து கட்டிலின் இரு பக்கமும் இரும்புக் கம்பி பொருத்திவிட்டுப் போனான். "இனிமே நாம விழவே மாட்டோம்," என்று மேடம் பெருமையோடு கம்பியை ஆட்டிக் காட்டினார். கேட்டது நெட்டையை, கிடைத்தது செருப்பும் கம்பியும். இன்னும் ஒருமுறை வாயைத் திறந்தால் என்ன வந்து சேருமோ என்று பொத்தானுக்குப் பயமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டை நேரில் வந்தான். விருந்தாளிகள் ஹாலோடு சரி என்பது வீட்டு வழக்கம். சோபாவில் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் இவள், நடுவில் கேக் தட்டோடு மேடம்.

"நாம என்ன வேலை பார்க்கறோம்?" என்று மேடம் அவனிடம் பிரியமாகக் கேட்டார்.

நெட்டை யோசித்தான். "நீங்க... மேனேஜர். நான் சலவை."

"பாவம், எவ்வளவு வெள்ளந்தி! நல்ல ஃப்ரெண்டுதான் கிடைச்சிருக்கான் நம்ம பொத்தானுக்கு," என்று மேடம் இன்னொரு துண்டு கேக் வைத்தார். விஷயம் கேக்கோடு முடிந்துபோயிற்று.

பிறகுதான் புதிய உதவியாளர் வந்தாள். பேர் வைப்பதில் கெட்டிக்காரியான ரேடியோ அவளுக்கு 'புதுசு' என்று பேர் வைத்தாள். முதல் நாள் காலை பொத்தான் அறைக் கதவு தட்டப்பட்டது. பொத்தான் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள். யாரும் உள்ளே வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு எழுந்து போய்த் திறந்தாள். வெளியே புதுசு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் உள்ள வரல? கால் வலியா?"

"நீங்க வரச் சொல்லலையே."

பொத்தான் திரும்பிப் பார்த்தாள். 'நீங்க' என்பதற்குத் தன் பின்னால் வேறு யாரும் இல்லை.

"காலைக்கு என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டு, புதுசு வாயை மூடிக்கொண்டாள். ரொட்டியா, முட்டையா, பாலா என்று எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா நின்றாள். பதில் வரும்வரை பேசாமல் இருக்கும் ஒரு மனுஷியைப் பொத்தான் அதுவரை பார்த்ததே இல்லை. தலைசுற்றலாக இருக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். புதுசு அதை மரியாதையாகக் குடித்துவிட்டு, மறுபடியும் காத்திருந்தாள்.

"கொஞ்சம் மந்தம், ஆனா நல்ல பொண்ணு," என்று மேடம் அவளைப் பற்றி முடிவு கட்டினார்.

ஒரு மத்தியானம் பொத்தானும் புதுசும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ உரிக்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் உங்க வருஷக் கூட்டம் இருக்கு. உங்க அண்ணன் வர்றார்," என்றாள் புதுசு. "நீங்க என்ன பேசணும்னு இருக்கீங்க?"

வழக்கம்போலப் பேச்சை நிறுத்தினாள். அந்த இடைவெளியை என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தான் இரண்டு காய் உரித்தாள். பிறகு ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் கொட்டிவிட்டது. விரிப்பு, ஈரத் தரை, நெட்டை, செருப்பு, கம்பி, கேக் எல்லாம்.

ரேடியோ பட்டாணியை விழுங்கக்கூட மறந்துபோனாள். "அடிப்பாவி! என்கிட்டகூடச் சொல்லலையே!"

"உன்கிட்டச் சொன்னா ஊருக்கே கேட்குமே," என்றாள் பொத்தான். அப்புறம் புதுசு பக்கம் திரும்பினாள். "நீங்களே அண்ணன்கிட்டச் சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா அவர் எனக்குத்தான் பதில் சொல்லுவார். கல்யாணம் எனக்கா?"

"உங்களுக்கு ஆயிடுச்சா?"

"இல்ல."

"ஐயோ பாவம்," என்றாள் பொத்தான், உண்மையான வருத்தத்தோடு.

புதுசு சிரித்துவிட்டாள். "சரி. கூட்டத்துக்கு யார் யார் வரணும்?"

"மேடம் கூப்பிடறவங்க."

"உங்க கூட்டம்ங்க அது. உங்களைப் பத்தி. யார் வரணும்னு நீங்கதான் சொல்லணும்."

"என் கூட்டமா?" பொத்தான் அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்தாள். "அப்ப நெட்டை வரட்டும்."

அன்றிலிருந்து அடுப்படியில் ஒத்திகை ஆரம்பமானது. ரேடியோதான் அண்ணன். டிவியில் பார்த்த அத்தனை கோபக்கார அண்ணன்களையும் ஒன்றாகப் பிசைந்து நின்றாள்.

"அண்ணா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று பொத்தான் ஆரம்பித்தாள்.

"முடியாது! என் பிணத்து மேல ஏறித்தான் நீ வாசல் தாண்டணும்!" ரேடியோ கரண்டியை ஓங்கினாள்.

"எங்கண்ணன் அப்படிப் பேச மாட்டான்டி. டிரைவிங் கத்துக் குடுக்கறவன். பயந்தா பிரேக்தான் போடுவான்."

"அப்ப சரி. கிரீச்!" என்று ரேடியோ காலைத் தரையில் ஊன்றினாள்.

புதுசு குறுக்கே வந்தாள். "ஒரே ஒரு விஷயம். 'நாம'ன்னா அதுல உங்க அண்ணனும் சேர்ந்துடுவார். அவர் வேண்டாம் இல்லையா? நீங்களும் நெட்டையும் மட்டும்னா, 'நாங்க'."

"நாங்க," என்றாள் பொத்தான். எதிரில் நிற்கிறவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சொல். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று பூராவும் "நாங்க, நாங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள், படியிறங்கினாள். சலவை நிலையத்தில் விரிப்பு மடிக்கும்போது நெட்டையிடமும் சொல்லிக் காட்டினாள். அவன் அன்று மூன்று விரிப்புகளைக் கீழே போட்டான்.

கூட்டத்தன்று அண்ணன் வந்தான். புதிதாக முடி வெட்டியிருந்தான். சட்டையும் புதியது. அவனும் ஏதோ பதற்றத்தில்தான் இருந்தான். ஆனால் தன் பதற்றத்திலேயே மூழ்கியிருந்த பொத்தான் அதைக் கவனிக்கவில்லை. பல வருடமாகப் பயிற்சிக் காரில் உட்கார்ந்து பழகியதால், பயம் வந்தால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வந்து உட்கார்ந்ததிலிருந்து அழுத்திக்கொண்டேதான் இருந்தான்.

ஹால் மேஜையைச் சுற்றி மேடம், அண்ணன், பொத்தான், புதுசு. நெட்டைக்கு என்று போட்ட நாற்காலி காலியாக இருந்தது. கூப்பிடாமலேயே ரேடியோ கதவுக்குப் பின்னால் தயாராக நின்றாள்.

"இந்த வருஷம் நாம ரொம்ப முன்னேறியிருக்கோம்," என்று மேடம் மலர்ந்த முகத்தோடு தொடங்கினார். "இப்பல்லாம் நாம தனியாவே பஸ்ல போறோம்."

"பொய்! மேடம் கார்லதான் போறாங்க," என்றது கதவு.

"நாம சலவையில நல்ல பேர் வாங்கியிருக்கோம். நாம கட்டில்ல இருந்து விழறதே இல்ல."

"எப்படி விழறது? கம்பிதான் இருக்கே!"

"நாம இப்ப அமைதியா இருக்கலாமா?" என்று மேடம் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம் பேசட்டும், நான் அமைதியாத்தான் இருக்கேன்."

அண்ணன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான். புதுசு மெல்ல, "பொத்தான், நீங்க ஏதோ பேசணும்னு சொன்னீங்க," என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காலி நாற்காலியை அவள் பார்த்தாள். ஒத்திகை செய்ததெல்லாம் கலைந்து, பல வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அண்ணா," என்றாள். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அண்ணனின் கால் தரையை ஓங்கி மிதித்தது. மேஜை குலுங்கியது. தண்ணீர் அவன் புதுச் சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல், காது இரண்டும் சிவக்க அவளையே பார்த்தான்.

"உனக்கு... யாரு சொன்னா?"

"என்ன?"

"அதான், கல்யாண விஷயம்."

"எனக்குத் தெரியுமே," என்றாள் பொத்தான், ஆச்சரியத்தோடு.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமாவா! எனக்கே ஆறு மாசமாத்தான்..." அண்ணன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "உனக்குக் கோபம் இல்லையா?"

"இல்லையே. சந்தோஷமா இருக்கு."

"அவங்களைப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"நீ எங்க பார்த்த அவங்களை?"

"சலவையிலதான். தினமும் பார்க்கறேன்."

அண்ணன் ஒரு நொடி யோசித்தான். "வெள்ளைக் கோட்டு போடறாங்க. அங்கதான் வெளுக்கக் குடுக்கறாங்க போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாங்க."

"உன்கிட்டயே கேட்டாங்களா!" அண்ணனுக்குக் குரல் தழுதழுத்தது. மேடத்தைப் பார்த்தான். "பார்த்தீங்களா மேடம்? என்கிட்டச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, தங்கச்சிகிட்ட வந்து கேட்டிருக்காங்க. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? அதுவும் ஒரு பல் டாக்டருக்கு!"

பொத்தானின் குட்டிக் கண்கள் இரண்டும் விரிந்தன. நெட்டை எப்போது பல் டாக்டர் ஆனான்? வெள்ளிக்கிழமை வரைக்கும் சலவையில்தானே இருந்தான்? புதுசைத் திரும்பிப் பார்த்தாள். புதுசு உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"பல் டாக்டர் யாரு?" என்றாள் பொத்தான்.

"என்னைக் கட்டிக்கப் போறவங்கதான், உன் அண்ணி! என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்ல ஃபெயில். நானும் என்ன இவ்வளவு படிச்சவங்க இப்படி ஓட்டறாங்களேன்னு நினைச்சேன். பாஸ் ஆயிட்டா க்ளாஸ் முடிஞ்சிடுமேன்னு வேணும்னே ஃபெயில் ஆயிருக்காங்க!" இதைச் சொல்லும்போது அண்ணன் நாற்பது வயதைத் தாண்டியவனாகவே தெரியவில்லை. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். அண்ணன் என்னை மறந்துடுவானோன்னு நீ நினைச்சிட்டா?"

இப்போது பொத்தானுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் அண்ணனுக்கு! அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அண்ணனுக்குக் கல்யாணம்! அண்ணனுக்குக் கல்யாணம்!" என்று குதித்தாள். அதற்குமேல் ரேடியோவைக் கதவால் தாங்க முடியவில்லை. உள்ளே பாய்ந்து வந்து எல்லோருக்கும் கை குலுக்கினாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக் எடுக்க ஓடினார். ஹாலே கல்யாண வீடாகிவிட்டது.

அந்த ஆரவாரத்தில் அண்ணன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"முக்கியமான விஷயம் இன்னும் சொல்லல. நீ இனிமே இங்க இருக்க வேண்டாம். அவங்களே ஆசையாச் சொன்னாங்க. புது வீட்ல மாடியில உனக்குன்னு ஒரு ரூம். அடுத்த மாசமே வந்துடு. அந்தச் சலவை வேலையும் வேண்டாம், ஈரத்துல நின்னது போதும். நாம மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்."

புது வீடு எங்கே என்று அவன் சொன்னான். ஊரின் அந்தக் கோடி. பஸ் மாறி பஸ் மாறிப் போகவேண்டிய இடம்.

பொத்தான் குதிப்பதை நிறுத்தினாள். அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவள் ஏதாவது சொன்னால் அது அணைந்துவிடுமோ? சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் விரிப்பின் இந்த முனையை வேறு யாராவது பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. ரேடியோ ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

நெட்டை நின்றிருந்தான். அவன் சட்டை அட்டைபோல விறைப்பாக இருந்தது. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை துணி மாட்டும் கிளிப்புகள் வரிசையாகக் கவ்வியிருந்தன. பெண் கேட்க வரும்போது சட்டை நன்றாகத் தேய்த்திருக்க வேண்டும் என்று அவன் சலவை நிலையத்துக்கே போய், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளைக்குள் சட்டையை விட்டிருக்கிறான். சட்டை சுருக்கமே இல்லாமல்தான் வந்தது. பொத்தான்கள்தான் பொடிப்பொடியாக வந்தன.

ரேடியோ அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, பொத்தான் இல்லாம வந்திருக்கீங்க?"

"அதுக்குத்தான்... வந்தேன்," என்றான் நெட்டை.

ரேடியோ சிரித்த சிரிப்பில் அவளே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் கேக்கோடு வந்து, "அட, நம்ம ஃப்ரெண்டும் வந்தாச்சா! கரெக்ட்டான நேரம். அண்ணனுக்குக் கல்யாணம், கேக் எடுத்துக்கோ. நாம எல்லாரும் சேர்ந்து..." என்று அவனை உட்கார வைத்தார்.

நெட்டை கேக்கைப் பார்த்தான். பொத்தானைப் பார்த்தான். "கேட்டாச்சா?" என்றான்.

பொத்தான் தலையை ஆட்டினாள். இல்லை.

"யாரு இது?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"சலவையில கூட வேலை பார்க்கிற பையன். ரொம்ப வெள்ளந்தி. நாம முதல்ல கேக்கை..."

"மேடம்," என்றாள் பொத்தான். "உக்காருங்க."

மேடத்தை அந்த வீட்டில் அதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் கூட்டம் இன்னும் முடியல."

"பொத்தானு," என்றான் அண்ணன், "நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத்..."

"தெரியாது," என்றாள் அவள்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். மேடம் எதையோ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். புதுசின் முகத்தைப் பார்த்தார். அவள் எப்போதும்போலச் சும்மா காத்துக்கொண்டிருந்தாள். ஏனோ மேடமும் திறந்த வாயை மூடிக்கொண்டு, முதல்முறையாகக் காத்திருந்தார். ரேடியோகூடப் பேசவில்லை. அந்த ஹாலில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மேஜைக்கு அடியில் அண்ணனின் கால் மட்டும் தரையைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தது.

பொத்தான் நெட்டையின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் உட்கார்ந்திருந்ததால் இருவர் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவசரமே படவில்லை.

"அண்ணா, உன் கல்யாணத்துக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். அண்ணியைக் கூட்டிட்டு வா, நான் பார்க்கணும். ஆனா உங்க மாடிக்கு நான் வரல. இவர்தான் நான் கட்டிக்கப் போறவர். எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க. எங்களுக்கு ஒரு வீடு வேணும், சின்னதாப் போதும். எனக்கு அடுப்புகிட்ட ஆள் வேணும், மாத்திரைக்கு ஆள் வேணும். இவருக்குக் கடையில மீதிச் சில்லறை பார்த்து வாங்க ஆள் வேணும். பகல்ல யார் வேணா வாங்க, கதவைத் தட்டுங்க, நாங்க வந்து திறக்கறோம். ராத்திரிக்கு யாரும் வேண்டாம்."